வகுப்பில் கொடுத்த கேள்வி

டிச. 5, திங்கள்
காலை முதல் தூறல். கணினி அறையில் இரண்டு இயந்திரங்கள் பழுது, புகார் எழுதியாயிற்று. முதலாண்டு மருத்துவ மாணவர்களுக்கு இணையத்தில் ஆய்வுக் கட்டுரை தேடும் பயிற்சி. நான் கொடுத்த கேள்வி: பெண், வயது நாற்பத்தாறு. கணையத்தில் புற்று, கல்லீரலுக்கும் பரவியது. கீமோ தருவதா, வலியை மட்டும் தணிப்பதா?

அந்தப் பெண் வசந்தா, என் மனைவி. இது மாணவர்களுக்குத் தெரியாது. புற்று என்பது வசந்தாவுக்கே தெரியாது. வயிற்றுப்புண் என்று சொல்லியிருக்கிறோம். நம்பிக்கை தரும் கட்டுரை எதுவும் எனக்கு அகப்படவில்லை. இளம் கண்களுக்கு ஏதேனும் தட்டுப்படலாம். வியாழனன்று சென்னை மருத்துவரிடம் முடிவு சொல்ல வேண்டும்.

டிச. 6, செவ்வாய்
இடஒதுக்கீடு கேட்டு எலவனாசூர்கோட்டையில் மறியல். பாதி வகுப்பு தாமதம். அறைக்குள்ளும் அதே பேச்சு. வெள்ளிமலையிலிருந்து வந்து படிக்கும் மலரிடம் தினேஷ், "ஒனக்கு இன்னா, மலைய வுட்டு எறங்குனா சீட்டு" என்றான். "நீயும் ஏறிப் பாரேன், பஸ்ஸு வருதான்னு" என்றாள் அவள். இருவரையும் அதட்டினேன்.

முதல் விடை தினேஷுடையது. "கீமோ குடுத்தா கொஞ்ச நாள் ஜாஸ்தி, அவ்ளோதான் சார். இன்னா பண்ணாலும் அடுத்த தீபாவளி பாக்க மாட்டாங்க." சிலர் சிரித்தார்கள். தேடிய முறையில் பிழையில்லை. முழு மதிப்பெண்.

மலர் விடை எழுதவில்லை. எல்லோரும் போனபின் கேட்டாள்: "இந்தம்மாவுக்கு இன்னா வேணும்னு யாரும் கேக்கலையா சார்?"

கேட்கவில்லை என்றேன்.

டிச. 7, புதன்
விடுப்பு. வெயில். வசந்தா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். புற்று என்பதையும் சென்னையில் கீமோ தரலாம் என்பதையும் சொல்லிவிட்டேன். கை நிற்கவில்லை, அந்தக் கொத்து முழுவதையும் உருவி முடித்தாள். பிறகு, "ரொம்ப வலிக்குமாங்க?"

எத்தனை காலம் என்பதைத்தான் இவ்வளவு நாளும் தேடினேன். இதைத் தேடவில்லை. தெரியாது என்றேன்.

"சென்னைக்கெல்லாம் வேணாங்க. வூட்டுலயே இருக்கேன்."

வற்புறுத்தினேன். தலையசைத்து மறுத்தாள்.

டிச. 8, வியாழன்
மூட்டம். வலி மாத்திரைக்கு இங்குள்ள மருத்துவரிடம் பேசியாயிற்று. சென்னைக்குத் தொலைபேசி, வரவில்லை என்றேன். காரணம் கேட்டார்கள். நோயாளியின் விருப்பம் என்றேன்.

வசந்தா பின்னால் நின்றிருந்ததைக் கவனிக்கவில்லை.

"நோயாளின்னா சொன்னீங்க?" என்றாள்.