பொட்டு வைத்த கப்பல்

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் தம்பியைக் கொன்ற கப்பலின் படத்தைத்தான் நம் வீட்டுச் சுவரில் சட்டம் போட்டு மாட்டினீர்கள்.

தென்னாப்பிரிக்காவில், நெட்டால் கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம் முடிந்து திரும்பியபோது நீங்கள் கொண்டுவந்த படம். பாய்கள் புடைத்து நிற்கும் கிளிப்பர், வேகப் பாய்மரக் கப்பல். "காத்துக்கு முன்னால போவும்டா" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வீர்கள். ஆயுத பூஜைக்கு மைசூரில் எல்லாரும் தராசுக்கும் அரிவாளுக்கும் பொட்டு வைத்தார்கள். நம் வீட்டில் கப்பலுக்கும். வைத்தது சித்தி. அவள் புருஷன், உங்கள் தம்பி, நெட்டாலிலேயே தங்கிவிட்டார், என்றாவது அதே கப்பலில் வருவார் என்று அவளிடம் சொல்லியிருந்தீர்கள்.

நான் வேலை பார்க்கும் அச்சுக்கூடத்தில் பழைய கப்பல் பத்திரிகை ஒன்று கிடைத்தது. நம் படத்தின் அடியில் இருக்கும் அதே பெயர். முதலில் துரைமார்களை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனதாம். கூடத்தில் பியானோ, பாலுக்கு ஒரு பசு. வேகத்துக்குப் பேர்போனது. நீராவிக் கப்பல்கள் வந்ததும் துரைமார்கள் அவற்றுக்கு மாறிவிட்டார்கள். பிறகு அறைகளைப் பெயர்த்து, கீழ்த்தட்டில் பலகை அடித்து, மதராஸில் உங்களை ஏற்றினார்கள். அதற்கு ஒரே வரி: 'பின்னர் கூலிகளை ஏற்றிச் சென்றது.' பசுவுக்கு மூன்று வரி. கடைசியில் பாய்மரங்களை வெட்டி, ஏதோ துறைமுகத்தில் கரி கொட்டிவைக்கும் கிடங்காக்கி, உடைத்தும் விட்டார்கள்.

அது இனி வராது, அப்பா.

குண்டலுபேட்டையிலிருந்து மண்டி மொஹல்லா சந்தைக்கு வெல்லம் கொண்டுவரும் கிழவர் உங்களோடு அதில் போனவராம். கேட்டேன். "ஐயோ சிவனே, உன் சித்தப்பனா? அவன் கரையே பாக்கலையே! பேதி. விடிஞ்சதும் கடல்ல போட்டாங்க. எங்களையெல்லாம் கீழயே அடைச்சுட்டு, உங்கப்பன் ஒருத்தனத்தான் மேல விட்டாங்க."

எத்தனை ஆயுத பூஜை? அவள் பொட்டு வைப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்?

நேற்று சித்தியிடம் சொல்லிவிட்டேன். புளி கரைத்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை.

"தெரியும் கண்ணு. உங்கொப்பாரு ஒருநாளும் என் மூஞ்சியப் பாத்துப் பேசுனதில்ல."

"பின்ன ஏன் கேக்கல?"

"கேட்டா சொல்லிப்போடுவாரு. அப்பறம் ஊரே கூடி என் பொட்ட அழிச்சுப்போடும். அந்தப் பொய்யி எனக்கும் வேண்டியிருந்துச்சு, போடா."

அதற்காகத்தான் சொல்லாமல் இருந்தீர்களா? அல்லது பயமா? உங்கள்மேல் முழுசாகக் கோபப்படக்கூட முடியவில்லை. அலுத்துவிட்டது.

படத்தைக் கழற்றிவிட்டேன். சித்தியின் பொட்டில் எவனையும் கைவைக்க விடமாட்டேன்; இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்: "கடல்ல போடறப்ப ஒரு துணியாச்சும் சுத்துனாங்களா கண்ணு?"

கிழவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அத்தனை பாய்த்துணி இருந்த கப்பல். பக்கத்தில் நின்றவர் நீங்கள் ஒருவர்தான். சுற்றினார்களா, இல்லையா? பதில் எழுதுங்கள்.

உங்கள் மகன்,
சித்தப்பாவுக்கும் மகன் முறை.