முகம் பார்த்துக் குடிவைத்தவர்

அன்புள்ள குட்டிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நான் சுகம். உன் அப்பா உடம்பளவில் சுகம். நீயும் சுகம் என்று போனில் சொல்வதை நம்பித்தான் இதை எழுதுகிறேன், சாப்பிட்டாயா என்று கேட்டால் மட்டும் நீ பேச்சை மாற்றுவதும் எனக்குத் தெரியும். தினம் பேசும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உன் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டுத் தன் கையிலேயே வைத்துக்கொள்கிறார், அவர் கையிலிருக்கும் போனில் அவரைப் பற்றியே நான் எப்படிப் பேசுவது. இந்த மாதக் கடைசியில் அவர் உன்னிடம் ஒரு உதவி கேட்கப் போகிறார். நீ செய்யக் கூடாது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நம் மாடிப் போர்ஷன் காலியானதும் அப்பா வாசலில் போர்டு மாட்டினார், நல்ல குடும்பத்துக்கு மட்டும் என்று. நல்ல என்றால் நம்ம என்று அர்த்தம், அது தெருவுக்கே தெரியும். ஆனால் நேராக மதம் கேட்பது அநாகரிகமாம். மதம் பார்த்துத் திருப்பி அனுப்புவது மட்டும் நாகரிகம் போலிருக்கிறது. அதனால் சுற்றி வளைத்துக் கேட்டார். தாத்தா பெயர் என்ன, உங்கள் சொந்தக்காரர்கள் எந்தத் தெருவில் இருக்கிறார்கள், லீவு நாளில் எங்கே போவீர்கள். ஒரு பையன், பாவம், கல்யாணமாகிப் பத்து நாள்கூட ஆகவில்லை, அவனிடம் போய் உங்கள் வீட்டில் பெரியவர்கள் போய்விட்டால் எரிப்பதா புதைப்பதா என்று கேட்டார். அந்தப் பெண் புருஷன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். இன்னொருவரைத் தாடியைப் பார்த்தே அனுப்பிவிட்டார். அடுத்த வாரம் நாம் சாமி கும்பிடுகிற இடத்தில் அதே தாடி முதல் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறது, உன் அப்பா தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அப்படியும் புத்தி வரவில்லை. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் இல்லையா, ஒருவன் பெட்டியில் ஏறும்போதே அவனிடம் டிக்கெட் இருக்கிறதா இல்லையா என்று முகத்தில் தெரியும் என்பார், இதுவும் அப்படித்தானாம்.

பிறகுதான் ஒரு லிப்ட் மெக்கானிக் வந்தார், மனைவியோடும் சின்னப் பெண்ணோடும். தாத்தா பெயர் கேட்டதற்கு அவர் சொன்ன பெயர் எந்தப் பக்கமும் சேர்க்கக்கூடிய பெயர். அப்பா திணறிப்போய், அவரைச் சாமி படத்துக்கு எதிரே உட்காரவைத்துவிட்டு ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அந்த மனிதர் எழுந்துபோய்ப் படத்துக்கு முன்னால் தலையைச் சாய்த்து நின்றார், இரண்டு கையாலும் அதை மெதுவாகத் தொட்டார், ஒரு கண்ணை மூடினார். அப்பா உருகிவிட்டார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பக்தியா என்று சமையலறைக்கு ஓடிவந்து என் காதோடு சொல்லி, அப்போதே சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். படம் கோணலாக இருந்தது குட்டி, அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு நாள் நானே கேட்டேன். லிப்ட் ஓடுகிற கம்பி ஒரு நூல் சாய்ந்தாலும் பெட்டி உதறுமாம், அதிலேயே பழகிவிட்டதால் எங்கே கோணலைப் பார்த்தாலும் கை சும்மா இருக்காதாம்.

அவர் படத்தை நிமிர்த்திக்கொண்டிருந்த அதே நேரம் அவர் மனைவி என்னோடு சமையலறையில் நின்றிருந்தாள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை, நேராகப் பார்த்துப் பேசுகிறவள். அக்கா, நாங்க வேற மதம், முன்னாடியே சொல்லிடறேன், குடி வந்தப்புறம் கிளப்பிவிட்டுடாதீங்க என்றாள். ஒரே வருஷத்தில் இரண்டு வீடு மாறியாகிவிட்டதாம், பெண்ணை இப்போதுதான் நம் தெருமுனைப் பள்ளியில் சேர்த்திருக்கிறாளாம். யாராவது கேட்டாங்களா உன்னை, கேட்டா உண்மையைச் சொல்லு, கேக்காததுக்கு எதுக்குப் பதில் என்று நான் சொன்னேன். அப்பாதான் நேராகக் கேட்கிற ஆளே இல்லையே. இதில் எனக்கு ஒரு குற்றவுணர்ச்சியும் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

நான்கு மாதம் தேன்நிலவுதான். தண்ணீர் மோட்டாரை அவர் சரிபண்ணிக் கொடுத்தார், அப்பா அவரோடு உட்கார்ந்து செஸ் ஆடித் தோற்றார், நம்ம ஆளுங்கன்னா தனிதான் என்று என் காதுபடச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் காய் நறுக்குகிறவள்போல் தலையைக் குனிந்துகொள்வேன். போன வாரம் அவர்களைப் பார்க்க அவர்கள் சொந்தக்காரர்கள் வந்தார்கள். உடையைப் பார்த்ததும் தெருவுக்கே புரிந்துவிட்டது. மறுநாள் காலை எதிர்வீட்டு ஆடிட்டர் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டார். அப்பா பாதி முகத்தில் ஷேவிங் சோப்போடு வந்து நின்றார். ஆடிட்டர் விஷயத்தைச் சொல்லச் சொல்ல, சோப்பு இல்லாத பாதி சிவந்துகொண்டே வந்தது. அந்த நிமிஷம் ஆடிட்டர் வாயை மூடியிருந்தால் அப்பாவே மாடியேறிப் போய்ச் சாமானைத் தூக்கி வெளியே வைத்திருப்பார். ஆனால் அந்த மனிதர் பரிதாபப்படுகிறேன் பேர்வழி என்று, உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க சார் என்றார்.

அவ்வளவுதான். என்னையா? என்றார் அப்பா. "ஓடற ரயில்ல டிக்கெட் பார்த்தவன் நான். என்னை ஒருத்தன் ஏமாத்தறதா? மொத நாளே தெரியும் எனக்கு. தெரிஞ்சுதான் குடுத்தேன்." அதற்குப் பிறகு அரை மணி நேரம் மனித சமத்துவம் பற்றி ஒரு சொற்பொழிவு. எல்லாருக்கும் ரத்தம் சிவப்பு என்றார், மழை ஆள் பார்த்தா பெய்கிறது என்றார், ஆடிட்டரைக் குறுகிய மனசுக்காரர் என்றார். கூட வந்தவர்களில் ஒருவர் நெகிழ்ந்துபோய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார், சோப்பு ஒட்டிக்கொண்டது. இன்றைக்கு இந்தத் தெருவில் உன் அப்பா பெரிய முற்போக்குவாதி.

கதவைச் சாத்தியதும் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார். இப்போது நேராகக் கிளப்பினால் ஏமாந்தது உண்மையாகிவிடும். வைத்துக்கொள்ளவும் மனசு இல்லை. இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார். குட்டி நிரந்தரமாகத் திரும்பி வருகிறாள், அவளுக்கு மாடி வேண்டும், அதனால்தான் காலி செய்யச் சொல்கிறோம். நீ போனில் அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும், மெக்கானிக் கீழே உட்கார்ந்து செஸ் ஆடும்போது, ஸ்பீக்கரில். அதுதான் அந்த உதவி.

போன வருஷம் நீ இருக்கும் அந்த ஊரில் உனக்கு அறை காட்டிய வீட்டுக்காரி, நீ எங்கே போய்க் கும்பிடுகிறவள் என்று கேட்டுவிட்டு, மறுநாள் என்ன சொன்னாள் என்று நினைத்துப் பார். என் அக்கா மகள் வருகிறாள், அறை அவளுக்கு வேண்டும் என்றாள். நீ பெட்டியோடு பஸ் நிலையத்தில் நின்று அழுதாய். அன்றைக்கு அப்பா கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. என்ன காட்டு ஜனங்கள், எந்த நூற்றாண்டில் இருக்கிறார்கள் என்றார். அந்த அக்கா மகள் வேஷத்தைத்தான் இப்போது உனக்குப் போடப் பார்க்கிறார். இதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். அது வேறு இது வேறு என்றார். என்ன வேறு என்று கேட்டால் பேப்பரைப் பிரித்துக்கொள்கிறார்.

ஆடிட்டர் வந்துபோன சத்தம் மாடி வரைக்கும் கேட்டிருக்கிறது. அன்று சாயங்காலம் மெக்கானிக்கின் மனைவி இறங்கி வந்து, அக்கா சாமானைக் கட்டட்டுமா என்று கேட்டாள். அழவில்லை, கோபப்படவில்லை, கடையை எத்தனை மணிக்கு மூடுவீர்கள் என்று கேட்பதுபோலக் கேட்டாள். அப்படிக் கேட்கிற அளவுக்குப் பழக்கிவைத்திருக்கிறோம் நாம். கட்டாதே, சார் ஊர் முன்னாடி சொன்னது சொன்னதுதான் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

அதனால் அவர் கேட்கும்போது, இப்போதைக்கு வரவில்லை அப்பா, மாடியில் அவர்களே இருக்கட்டும் என்று சொல்லிவிடு, சத்தமாகவே சொல். அவர் முகம் வாடும், வாடட்டும். ஒரு மாதம் போனால் தான் முதல் நாளே தெரிந்து கொடுத்ததாக அவரே நம்பிவிடுவார், எனக்கு இந்த மனிதரைத் தெரியும். ஆனால் ஒன்று. நீ திரும்பி வருகிறேன் என்று சொல்வதைக் கேட்க நான் எத்தனை நாளாகக் காத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. அந்த வார்த்தையைக் கொண்டுபோய் ஒரு குடும்பத்தைத் துரத்தச் செலவழிக்காதே. நிஜமாகவே வரும்போது சொல். என் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம், உன் அப்பாவை ஹாலுக்கு அனுப்பிவிடுகிறேன்.

நோய்நொடி இல்லாமல், வீட்டுக்காரர் தொல்லை இல்லாமல், நல்ல பசியோடும் தூக்கத்தோடும் நீ நீண்ட நாள் இருக்க வேண்டும். கம்பளிப் போர்வையை வெயிலில் போடு. படித்ததும் இதைக் கிழித்துவிடு.

இப்படிக்கு,
பத்திரத்தில் பெயர் இல்லாத வீட்டுக்காரி,
உன் அம்மா