தொட்டிக்கு மண் தெரிந்த கிழமை

யூலை 7, திங்கள்

சோழகக் காற்று விடியவே தொடங்கிவிட்டது. தீவிலிருந்து குறிகட்டுவான் போகும் படகு ஓடுவது சந்தேகம். முற்றம் கூட்டியும் பயனில்லை.

இன்றைய வேலை: மீன் தொட்டிக்கு நல்ல மண்ணாகத் தெரிவு செய்வது. கடல்நீரும் கல்லும் இட்டு மூன்று மாதம். நீல மீன்கள் இரண்டும் சுகம். அடி மட்டும் வெறும் கண்ணாடி. வெள்ளிக்கிழமை செபமாலை (அலங்கார மீன் பிடிக்க அனுமதி உள்ளவர், ஒழுங்கான மனிதர்) ஓர் உளுவை மீனும் ஓர் இறாலும் சோடியாகக் கொண்டுவருவார். இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. மண்ணில் வளை தோண்டும். உளுவை வாசலில் காவல். இரண்டும் ஒரே வளையில் குடித்தனம். வாசித்த நாள் முதல் மனதில் வேறெதுவும் இல்லை.

மெல்பேணிலிருந்து மகன் அனுப்பிய தொட்டி. மச்சாளுக்கு (காலமான என் கணவரின் தங்கை, அடுத்த வளவு) முதல் நாளிலிருந்தே அதில் கண். தன் மகனின் விருந்தினர் விடுதியில் வைக்கவாம்.

"மச்சாள், இந்த வயதிலை உங்களுக்கு ஏன் இந்தப் பாடு? அங்கை வைச்சால் நாலு வெள்ளைக்காரர் பாப்பினம்."

"இங்கை வைச்சால் நான் பாப்பன்."

"புதுசா வாற இரண்டும் செத்தால்?"

"செத்தால் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போம்."

சொல்லிவிட்டேன். சொன்னால் சொன்னதுதான்.

யூலை 8, செவ்வாய்

மூன்று மண், மூன்று சாசர்.

1. மச்சாள் கொண்டுவந்தது. மகளின் கலியாணப் பந்தலில் பரப்பி மிஞ்சிய வடமராட்சி வெள்ளை மணல். பார்வைக்குச் சீனி.

2. வீட்டுச் சுவர் பூசக் கொண்டுவந்த ஆற்று மண். சிவப்பு. பேருக்குத்தான் சேர்த்தேன்.

3. தெற்குக் காணியில் புது மலசலகூடத்துக்குக் குழி வெட்டியபோது வந்தது. மங்கல் வெள்ளை. சிப்பித் துண்டு, பவளக்கல் துகள். கடற்கரையில் அள்ளக் கூடாது, சட்டம். இது என் காணி.

ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி வினாகிரி. முதலாவது பேசாமல் இருந்தது. இரண்டாவதும். மூன்றாவது சோடாப் போத்தல் திறந்தாற்போல் பொங்கியது! சுண்ணாம்பு மண். தொட்டி நீரில் புளிப்பு ஏறாமல் காப்பது இதுதான்.

மச்சாளின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"கக்கூசுக் குழி மண்ணிலையோ மீன் வளக்கப் போறியள்?"

"குழிதான் வெட்டினது. ஒருத்தரும் இன்னும் போய் இருக்கேல்லை."

நான் படித்த கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடமாக இருந்தால் இந்த வாய்க்கு முழங்காலில் நிற்க வைத்திருப்பார்கள். இரவுச் சாப்பாட்டின்போதும் சிரிப்பு வந்தது. புட்டு புரைக்கேறியது.

யூலை 9, புதன்

நாள் முழுக்க மண்ணைச் சலித்து அரித்தல். கண் பெரிய அரிதட்டு, பிறகு இடியப்ப மா அரிதட்டு. பெரிய துண்டுகள் எல்லாம் கழிவு, வாசல் படலையடியில் கொட்டியாயிற்று. நடுத்தரம் மட்டும் எடுத்துக்கொண்டேன். கிணற்று நீர் மாடுகளுக்கே போதாது, ஆகவே கடல்நீரில் கழுவினேன். கலங்கல், கலங்கல், மீண்டும் கலங்கல். மாலையில் தெளிவு.

ஒரு மணி போல் மற்ற மணி. கையில் எடுத்தால் விரலிடையே வழிகிறது. இப்படி ஒரு மண் இந்தத் தீவில் யாரிடமும் இல்லை.

அவர் இருந்திருந்தால் "மண்ணிலும் என்ன தெரிவு?" என்று பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்திருப்பார். பிறகு நான் காணாத நேரம் வந்து தொட்டுப் பார்த்திருப்பார்.

இடுப்பு நோவு. சித்தாலேபை பூசிப் படுத்தேன்.

யூலை 10, வியாழன்

மண் இட்டாயிற்று. நீர் கலங்காதிருக்க அடியில் ஒரு கோப்பை வைத்து, அதற்குள் மெல்ல மெல்ல வழிய விட்டு. பின்னேரம் நீர் தெளிந்தது. பரீட்சைத் தாள் போல் சுத்தம்.

யூலை 11, வெள்ளி

சோழகம் சற்றுத் தணிவு. செபமாலை காலையிலேயே வந்தார். உளுவை சுண்டுவிரல் அளவு, மஞ்சள் கோடு. இறாலுக்கு ஒரு கை மட்டும் பெருத்தது.

"அம்மா, மண் எண்டால் இது மண். நானே படுத்துக் கிடப்பன்," என்றார். கோப்பி கொடுத்தேன். பருத்தித்துறை வடையும்.

விட்ட உடனேயே இறால் வேலையைத் தொடங்கியது. புல்டோசர்தான். அரைமணியில் கல்லடியில் ஒரு பள்ளம். பின்னேரம் இடிந்து விழுந்தது. திரும்பத் தோண்டியது. திரும்ப இடிந்தது.

பழகினால் சரிவரும்.

யூலை 12, சனி

சரிவரவில்லை. எங்கு தோண்டினாலும் மண் வழிந்து மூடுகிறது. வீடில்லாத இறாலை நீல மீன்கள் கொத்துகின்றன. ஒரு மீசை பாதி போய்விட்டது. உளுவை மூலையில், செவுள் அடிக்க அடிக்க. இரையைத் தொடவில்லை. இப்படியே போனால் இரண்டும் தப்பாது.

மச்சாள் வந்தா. கையில் அளவு நாடா.

"அளவெடுக்க வந்தனான். கோவியாதேங்கோ. பெடியன் மேசை செய்யக் குடுக்கவேணுமாம்."

"எடும். வடிவா எடும்."

நீளம், அகலம், உயரம். உயரம் மட்டும் இரண்டு தரம் எடுத்தா. போகும்போது என் முகத்தைப் பார்த்து, "மண்ணிலை ஒரு குறையும் இல்லை, மச்சாள். சீவன்தான் சரியில்லை," என்றா. அந்த இரக்கம்தான் பொறுக்க ஏலாதது.

அழவில்லை. கண் உறுத்தியது, சோழகத் தூசு.

யூலை 13, ஞாயிறு

காலைத் தேநீரோடு தொட்டி முன் கதிரையைப் போட்டேன். எழும்புவதில்லை என்ற முடிவு.

அரிதட்டுக்குத் தப்பிய ஒரேயொரு சிப்பித் துண்டு மண்ணில் கிடந்தது. இறால் அதைத் தேடிப் பிடித்து வளை வாயில் சாத்தியது. பக்கத்து மண் வழிந்தது. துண்டை இழுத்து வந்து மறுபடியும் சாத்தியது. அதற்கு அடுத்த துண்டைத் தேடியது. தடவித் தடவி, தொட்டி முழுக்க. இல்லை. நான்தான் விடவில்லையே.

யன்னலுக்கு வெளியே எங்கள் மதில். சீமெந்து இல்லாத வெறும் பவளக்கல். பெரிய கல், அதன் இடுக்கில் சின்னக் கல், அதற்கும் ஆப்பாக ஒரு துண்டு. மாடு முட்டினாலும் அசையாது. ஒரே அளவு உருண்டைகளாக அடுக்கியிருந்தால் ஒரு நாள் நின்றிருக்குமா?

தெரிவு செய்த மண் சரி. அரித்தது... பிழை என்று எழுதப் பேனா வரவில்லை. சரி, பிழை.

தையல் வகுப்பில் ஒரு தையல் கோணினால் சிஸ்டர் முழுவதையும் அவிழ்க்கச் சொல்வார். அவிழ்த்தேன். சுளகோடு படலையடியில் குந்தி, கழிவென்று கொட்டியதை எல்லாம் பொறுக்கினேன். சிப்பி, பவளக் கிளைத் துண்டு, சங்குத் துண்டு. மாட்டுச் சாணம் தனியே. வேலிக்கு அப்பால் மச்சாளின் குரல்: "என்ன துலைச்சனீங்கள், மச்சாள்?"

"ஒண்டும் துலையேல்லை."

கழுவிக் கழுவிக் கழுவி, கல்லடியில் பாதிக்குப் பாதி கலந்து இட்டேன். அழகு போயிற்று. போகட்டும்.

யூலை 14, திங்கள்

வளை நிற்கிறது!!

கூரைக்குத் தட்டைச் சிப்பி. இரு பக்கமும் பவளத் துண்டு, கதவு நிலை வைத்தது போல். இறால் மண்ணை அள்ளிக்கொண்டு வெளியே வருகிறது, கொட்டுகிறது, உள்ளே போகிறது. வெளியே நிற்கும் நேரமெல்லாம் மிஞ்சிய மீசை உளுவையின் வாலைத் தொட்டபடி. உளுவை வாலை ஒரு சிலுப்புச் சிலுப்பினால் இரண்டும் உள்ளே. இரையும் எடுத்தது.

மெல்பேணுக்குப் படம் அனுப்பினேன். மகன் பதில்: "அம்மா, நீங்கள் ஆள்தான்." தெரிந்த விஷயம்.

காலைச் சாப்பாடு மறந்துவிட்டது. மத்தியானமும்.

யூலை 15, செவ்வாய்

நானே ஆள் விட்டு மச்சாளை அழைத்தேன். நல்ல கோப்பையில் தேநீர், வெல்வெட் கதிரை.

பார்த்தா. தேநீர்க் கோப்பையோடு கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்தா.

"இது அந்தக் குழி மண்தானே?"

"அதேதான். முழுசா."

அந்த நேரம் பார்த்து பெரிய நீல மீன் வளை வாசலுக்கு மூக்கை நீட்டியது. உள்ளேயிருந்து அந்தப் பெருத்த கை. டக்! அது சொடுக்கிய சத்தம் கண்ணாடிக்கு வெளியே கேட்டது. நீல மீன் தொட்டியின் மறுகோடியில்.

"ஐயோ! கண்ணாடி வெடிச்சிட்டுதோ?"

"இல்லை. வீட்டுக்காரி கதைக்கிறா."

மச்சாளின் தேநீர் முழுக்கச் சேலையில். தொட்டி என் வீட்டில்.