ஆரணியின் வலது கால்

12.03.1998, வியாழன்

மகள் ஆரணியின் இதயத்தில் ஓட்டை இருப்பது வெள்ளவத்தை மீன்காரனுக்கும் தெரிந்துவிட்டது. வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் இப்போது இதய நிபுணர்கள்.

டொக்டர் மட்டும் நேரே சொன்னார். "தொடையால குழாய் விட்டுப் பாத்தால்தான் ஒப்பரேசனைப் பற்றி யோசிக்கலாம். வயது நாலு, நிறை காணாது, ரத்தத்தில ஒட்சிசனும் குறைவு. மற்றப் பிள்ளையளைவிட ஆபத்துக் கூட. குழாய் விட்ட காலில ரத்தம் கட்டலாம். இருபதாந் திகதி செய்வம்."

கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருக்கும் மச்சாள் பத்மாவதி, என் கணவரின் அக்கா, எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னது: "அண்டைக்கு அட்டமியோ நவமியோ எண்டு பாத்தனீங்களோ?"

டொக்டரின் கணக்கில் அதற்கு இடமில்லை.

20.03.1998, வெள்ளி

நடக்கவில்லை.

விடியப் பச்சைத்தண்ணீரும் கொடுக்கக்கூடாது என்றிருந்தார்கள். நான் குளிக்கப் போன நேரம் மச்சாள் கோயில் அபிஷேகப் பாலைப் பருக்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் பிள்ளைதான் சொன்னாள், "மாமி பால் தந்தவ." திருப்பி அனுப்பிவிட்டார்கள். மயக்கமருந்து கொடுத்தபின் அந்தப் பால் மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் —

"அது பாலில்லை, தீர்த்தம்," என்கிறார் மச்சாள். இவர், "அக்கா நல்லதுக்குத்தானே செய்தவ." ஓம். இந்த நாட்டில கொல்லுறவையும் நல்லதுக்குத்தான் கொல்லுகினம்.

21.03.1998

மச்சாளோடு கதைக்கவில்லை. நான் சமைத்ததை அவர் சாப்பிடவில்லை. சோறு மிச்சம்.

03.04.1998, வெள்ளி

இன்று மறு தவணை. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட முன் மச்சாளின் பையைக் கொட்டிப் பார்த்தேன். திருநீற்றுப் பொட்டலம் மட்டும். சோதனைச்சாவடிச் சிப்பாய்கூட அவ்வளவு தேடவில்லை.

குழாய் விட்டுப் பார்த்து முடித்துப் பிள்ளையை வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். இரண்டு காலும் சூடாக இருக்கிறதா என்று அடிக்கடி பார்க்கச் சொன்னார் நர்ஸ். நான் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சாள் நெற்றியில் பூசினார், நெஞ்சில் பூசினார், போர்வையை விலக்கிக் காலிலும் பூசப் போனார். காலைக்கூட விட்டுவைக்காத பக்தி. ஏச வாயெடுத்தேன்.

"தங்கச்சி, இந்தக் கால் குளிருது."

ஓடினேன். டொக்டர் வந்து தொட்டுப் பார்த்து, கட்டிய ரத்தத்துக்கு ஊசி போட்டார். "நல்லகாலம், நேரத்தோட கவனிச்சிட்டியள்," என்றார். என்னைப் பார்த்து.

பின்னேரம் அந்த வலது காலில் சூடு வந்துவிட்டது. மச்சாள் இன்னும் அதைப் பிடித்தபடி இருக்கிறார். பிள்ளை குடிக்கும்வரை தானும் குடிப்பதில்லை என்று விடிந்ததிலிருந்து பச்சைத்தண்ணீரும் தொடவில்லையாம். இவர் இப்போதுதான் சொன்னார்.

பிள்ளை தண்ணீர் குடித்ததும் மச்சாளுக்குப் பிளேன்டீ வாங்கிக் கொடுத்தேன். சீனி கொஞ்சம் கூடப் போடச் சொன்னேன்.