பாக்கியம் வாதி, ஆறுமுகம் பிரதிவாதி

என்னைவிட இரண்டு வயது மூத்த பாக்கியம் அக்காவுக்கு,

நீங்கள் போய் இன்றோடு இருபத்தொரு நாள். உயிரோடு இருந்தபோது உங்களுக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. உங்களுக்கு வாசிக்கத் தெரியாது. எனக்கு மனம்விட்டு எழுத வராது. செத்தவர்கள் கடிதம் வாசிப்பார்கள் என்று நம்புகிறவளும் இல்லை நான். இருந்தும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த உங்கள் கணவர் காய்ச்சலில் இறந்த பதினாறாம் நாள், காப்பாரிலிருந்து அவருடைய அண்ணன் வந்தார். காரியம் முடிந்தது, சாப்பிட்டார், உங்கள் தையல் மெஷினை லோரியில் ஏற்றினார். "தம்பி பொருளு அண்ணன் வீட்டுல இருக்கட்டும்" என்றாராம். அது தம்பி பொருளே இல்லை. எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கவுன் தைத்து நீங்கள் சம்பாதித்து வாங்கியது. கடைச் சீட்டு உங்கள் பெயரில் இருந்தது. அப்போது உங்கள் மகள் சரசுவுக்கு ஏழு வயது. குவார்ட்டர்ஸையும் காலி செய்தாக வேண்டும். மெஷின் திரும்பாவிட்டால் பிரிக்ஃபீல்ட்ஸை விட்டுவிட்டு மறுபடியும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவப் போக வேண்டியதுதான்.

என் வாசலில் வந்து நின்று நீங்கள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

"கோர்ட்டுல போயி அழணுமா டீச்சரம்மா? யாரு கால்ல விழணும்?"

"யார் காலிலும் விழ வேண்டாம். ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்."

"அவ்வளவுதானா?"

அவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன். மதராஸில் பி.ஏ. படித்தவள், ஒரு பிராது எழுத மாட்டேனா? சட்டப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி வாசித்தேன். யார் கேட்கிறார், யாரிடம் கேட்கிறார், எந்தப் பொருளை, அது எப்போது எப்படிக் கைமாறியது, இவ்வளவும் இருந்தால் போதும். எதிராளி எந்த ஊரில் குடியிருக்கிறாரோ அந்த வட்டாரத்துக் கோர்ட்டில் கொடுக்க வேண்டும். காப்பாருக்குக் கிள்ளான் கோர்ட்டு. தோட்டத்து மனுக்களில் துரைக்கு எழுதுவார்களே, 'தாயும் நீரே, தந்தையும் நீரே' என்று, அதெல்லாம் கூடாது. கேட்பது தருமம் அல்ல, உரிமை.

எதிராளி பெயரைக் கேட்டேன். "பெரியவர்" என்றீர்கள். பெயரைச் சொல்லுங்கள் என்றேன். தலையைக் குனிந்துகொண்டீர்கள். கணவர் பெயரையும் அவருடைய அண்ணன் பெயரையும் வாயில் எடுக்கக் கூடாது; எடுத்தால் அவர்களுக்கு ஆயுசு குறையும். இந்த வழக்கம் எனக்குத் தெரியாததல்ல. பொறுமையாக உட்கார்ந்து கேட்டிருக்கலாம். மூடப் பழக்கம் என்று மனதுக்குள் முணுமுணுத்துவிட்டுப் பக்கத்து வீட்டில் விசாரித்தேன். "காப்பார் சின்னையாதானே?" என்றார்கள். அப்படியே எழுதினேன். நீங்கள் பெருவிரல் ரேகை வைத்தீர்கள். முத்திரை ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

சம்மன் திரும்பி வந்தது. கோர்ட்டுச் சேவகரிடம் உங்கள் கணவரின் அண்ணன், உங்கள் மூத்தார், சிரித்துக்கொண்டே சொன்னாராம்: "சின்னையாங்கறது கூப்பிடுற பேரு. அந்தப் பேர்ல இங்க ஆளு கிடையாது. போயிட்டு வாங்க."

பிராதைத் திருத்த மறுபடியும் கிள்ளானுக்குப் போனோம். அங்கிருந்த தமிழ்க் குமாஸ்தா நல்ல மனிதர், ஆனால் வாய் சும்மா இருக்காது. அவரிடமும் நீங்கள் பெரியவர் என்றே சொன்னீர்கள்.

"பெரியவருன்னு சம்மன் போட்டா கிள்ளான்ல பாதிப் பேரு வந்து நிப்பாங்கம்மா. பேரு என்ன?"

"மயில் மேல வருவாரே, அந்தச் சாமி பேரு."

"முருகனா? வேலனா? கந்தனா? சாமிக்கு ஆயிரம் பேரு இருக்கலாம், சம்மனுக்கு ஒண்ணுதான்."

அவர் ஒவ்வொரு பெயராகச் சொல்ல, நீங்கள் இல்லை இல்லை என்று தலையை ஆட்டிக்கொண்டே வந்தீர்கள். 'ஆறுமுகம்' என்றபோது கண்ணை இறுக மூடித் திறந்தீர்கள். "அப்பாடா!" என்று அவர் பேனாவை எடுத்தார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அக்கா. நீங்கள் அதைப் பார்த்தீர்களா?

"இந்தத் தடவ ஆள அடையாளம் காட்ட நீங்களும் கூடப் போகணும். இல்லேன்னா அவரு மறுபடியும் நான் அவனில்லேம்பாரு" என்று குமாஸ்தா சொல்லி அனுப்பினார்.

காப்பாருக்கு நான் வரவில்லை. பள்ளியில் பரீட்சை என்றேன். பரீட்சை அடுத்த வாரம்தான். அடுத்தவர் குடும்பச் சண்டைக்கு நடுவே தெருவில் நிற்க எனக்குக் கூச்சம். நீங்கள் ஒன்றும் கேட்காமல் தனியாக பஸ் ஏறினீர்கள்.

அங்கே நடந்ததை மறுநாள் நீங்கள் சொல்லித்தான் அறிந்தேன். காப்பிக் கடையில் மூத்தாரும் அவருடைய ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். மலாய்க்காரச் சேவகர் "யாங் மானா?" என்று, இதில் யார் என்று, உங்களிடம் கேட்டார். நீங்கள் விரலை நீட்டினீர்கள். மூத்தார் எழுந்திருக்கவேயில்லை.

"கையக் காட்டுனா ஆயிருமா? பேரச் சொல்லு, பாப்போம். புருஷன் அண்ணன் பேரச் சொல்ற பொம்பள நம்ம குடும்பத்துல உண்டா?"

"இப்ப உண்டு" என்றீர்களாம். பிறகு கடை முழுக்கக் கேட்கும்படி, "ஆறுமுகம்! உங்களுக்குச் சம்மன் வந்திருக்கு. வாங்கிக்குங்க."

எல்லாம் கேட்டுவிட்டு அசட்டுத்தனமாக, "கால் நடுங்கியதா?" என்று கேட்டேன்.

"நடுங்குச்சு டீச்சரம்மா. நல்ல வேளை, சேலை மறச்சிருச்சு."

"ஆயுசு குறையும் என்பார்களே?"

"குறையலயே. வெத்தலையத் துப்பிட்டு நல்லாத்தான் எந்திரிச்சு வந்தாரு. மூஞ்சிதான் கறுத்துப் போச்சு."

விசாரணை நாள் வருவதற்கு முன்பே, போன அதே லோரியில் மெஷின் வந்து இறங்கியது. ஊசி உடைந்திருந்தது, பெல்ட் அறுந்திருந்தது. மற்றபடி பழுதில்லை. அந்த வாரமே எங்கள் பள்ளிக் கவுன்களைத் தைக்கத் தொடங்கினீர்கள். தோட்டத்துக்கு நீங்கள் திரும்பிப் போகவேயில்லை.

நான் எதையும் எளிதில் மெச்சுகிறவள் அல்ல. என்னோடு கல்லூரியில் படித்தவர்களில் பெரிய பெரிய வேலைக்குப் போனவர்கள் உண்டு. அவர்களில் ஒருவரும் தனியாக நின்று அப்படி ஒரு காரியம் செய்து நான் கேட்டதில்லை. நானும் செய்ததில்லை. இதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். எத்தனை மாலை உங்கள் வீட்டில் காப்பி குடித்தேன், ஏன் சொல்லவில்லை?

உங்கள் காரியத்தன்று வந்தவர்களெல்லாம் பழைய கதையைப் பேசினார்கள். "டீச்சர் போட்ட கேசுதான் அந்தப் பொம்பளையக் காப்பாத்துச்சு" என்றார் ஒருவர். நான் மறுத்திருக்கலாம். வழக்கம்போல வாயை மூடிக்கொண்டிருந்தேன். மூலையில் கம்பை ஊன்றி உட்கார்ந்திருந்த கிழவர்தான் நிமிர்ந்தார். உங்கள் மூத்தாரேதான்.

"டீச்சரு போட்ட கேசுல எம்பேரே இல்ல. நான் சிரிச்சுட்டுத் திருப்பி அனுப்பிட்டேன். எம்மேல கேசு போட்டவ பாக்கியந்தான்."

பிறகு யாரையும் பார்க்காமல் சரசுவிடம் தண்ணீர் கேட்டார். சரசு கொண்டுவந்து கொடுத்தாள். உங்களோடு சண்டை போட்டவருக்கு இருந்த நேர்மை, கூட இருந்த எனக்கு இல்லாமல் போயிற்று.

வருகிற சனிக்கிழமை காலை ரயிலில் கிள்ளானுக்குப் போகிறேன். கோர்ட்டுப் பழைய கட்டுகளிலிருந்து உங்கள் பிராதுக்கு ஒரு நகல் வாங்கிச் சரசுவுக்குக் கொடுப்பேன். நான் எழுதிய பெயரைச் சிவப்பு மையால் அடித்து, மேலே சரியான பெயர் எழுதியிருக்கும். அடிபட்டது டீச்சர் எழுதியது, மேலே இருப்பது பாக்கியம் கொடுத்தது என்று, கேட்கிற எவருக்கும் காட்டிச் சொல்வேன். கூச்சப்பட மாட்டேன்.

உங்கள் உடன்பிறவாத் தங்கை,
ரூத்