உன் ஆட்டம் முடிந்தால் என் ஆட்டம்

என் உயிர் அண்ணன் ரஃபீக்குக்கு,

லெப்பைக்குடிக்காட்டிலிருந்து உன் தங்கச்சி எழுதுகிறேன். நீ சவுதியில் மவுத்தாகி எட்டு மாதம் ஆகிறது. நான் இன்னும் ஒரு சொட்டுக்கூட அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள், "கல்லு மாதிரி உக்காந்திருக்கே இந்தப் புள்ள" என்று என் காதுபடவே பேசினார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆண்கள் இல்லாமல் இருப்பது இந்த வீட்டுக்குப் பழக்கம்தானே. அத்தா இருபது வருஷம் அங்கே இருந்தார். அவர் திரும்பி வந்தார், நீ போனாய். அரியலூரில் உன்னை ரயில் ஏற்றிவிட்ட அன்று அழுததுதான். அப்போது நீ இல்லாததற்கும் இப்போது இல்லாததற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் உன் போன் வருவதில்லை, அவ்வளவுதான்.

நேற்று பீரோ மேலே கிடந்த டிவி கேமை எடுத்துத் துடைத்தேன். தொண்ணூற்றேழில் அத்தா கொண்டு வந்தது. நிஞ்ஜா கேசட் அதிலேயே செருகி இருந்தது. கண் மட்டும் தெரிய முகத்தை மூடிக்கொண்டு வாளோடு ஓடுகிறவனைப் பார்த்து அம்மா, "என்னாடி இது, ஆம்பளைக்குப் புர்கா மாட்டி வுட்டிருக்காங்க?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? நீ சிரித்த சிரிப்பில் அவன் கூரையிலிருந்து விழுந்து செத்தான்.

முதல் ஆள் நீ, இரண்டாவது ஆள் நான். நீ செத்தால்தான் எனக்கு ஆட்டம். நீயோ லேசில் சாக மாட்டாய். மதரஸாவுக்கு நேரமாகிவிடும். நான் மடியில் கையை மறைத்து ஏந்திக்கொண்டு, அண்ணன் சாகணும் அல்லாவே என்று துஆ கேட்பேன். ஒருநாள் நீ பார்த்துவிட்டாய்.

"அதெல்லாம் அல்லாகிட்ட கேக்காத புள்ள. எங்கிட்ட கேளு, நானே குதிச்சிடுறேன்."

அதற்குப் பிறகு மதரஸா நேரம் நெருங்கினால் நீயே நடந்துபோய்ப் பள்ளத்தில் விழுவாய். விழுந்தவன் இரண்டு தடவை மின்னி மறைந்துவிடுவான். உடனே என் ஆள் வந்து நிற்பான். நானும் யோசிக்காமல் ஓட ஆரம்பிப்பேன்.

உன் ரூம்காரர் போன் செய்த அன்றும் அப்படித்தான் ஆனது, அண்ணே. ரோட்டைக் கடக்கும்போது கார் மோதிவிட்டது என்றார். அத்தா பள்ளிவாசலில் இருந்தார். அம்மா மயங்கிக் கிடந்தது. போன் என் கையில் இருந்தது.

"ஊருக்கு அனுப்பணும்னா பத்து நாளாவது ஆகும்மா. இல்ல, இங்கேயே அடக்கம் பண்ணிடவா? பெரியவங்ககிட்ட கேட்டுச் சொல்லுங்க."

நான் யாரையும் கேட்கவில்லை. "அங்கேயே அடக்கிடுங்க" என்று சொல்லிவிட்டேன்.

பத்து நாள் நீ குளிர்பெட்டியில் கிடப்பதைத் தாங்க முடியாமல் சொன்னேன் என்று எழுதலாம். அது உண்மையில்லை. அந்தப் போன் முடிந்தால் போதும் என்று இருந்தது. இங்கிலீஷில் சம்மதக் கடிதமும் நானே எழுதினேன். அத்தா ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டார். பெரம்பலூருக்குப் போய் ஃபேக்ஸ் அனுப்பிவிட்டு வந்தேன். வரும்போது பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன். எப்படித் தூங்கினேன்?

அம்மாவுக்கு நினைவு தெளிந்ததும் முதலில் கேட்டது, "எம் புள்ள எப்ப வருவான்?" என்றுதான். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தா, "நாந்தான் அங்கேயே அடக்கச் சொல்லிட்டேன்" என்றார். அன்றோடு அம்மா அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டது. சோற்றை மூடி வைத்துவிட்டுப் போய்விடும். அத்தா தானே போட்டுச் சாப்பிட்டுத் தட்டையும் கழுவி வைக்கிறார். எட்டு மாதமாக நான் அதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஒன்றும் தோன்றவில்லை. உன்னை நினைத்தாலும் தோன்றவில்லை. எனக்கு என்ன ஆயிற்று, அண்ணே?

நேற்று அத்தா குழம்புச் சட்டியைத் திறந்து, மீனை எனக்கு எடுத்து வைத்துவிட்டு வெறும் குழம்பை ஊற்றிக்கொண்டார். "ஏன்த்தா?" என்றேன். "எனக்கு மீனு புடிக்காது புள்ள" என்றார். அத்தாவுக்கா மீன் பிடிக்காது?

இன்று அஸர் தொழுததும் அம்மாவிடம் போய் உட்காரப் போகிறேன். உன் முகத்தை அம்மா பார்க்காமல் போனதற்குக் காரணம் அத்தா இல்லை, நான்தான் என்று சொல்லப் போகிறேன். அம்மா அடிக்கலாம், சபிக்கலாம். உனக்கு நான் தரும் வாக்கு ஒன்றே ஒன்று. அம்மா பேசி முடிக்கும்வரை நான் எழுந்து போக மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
ஷமீமா