துவைக்காத சேலை

சிவமயம்

காரைக்குடி
12-9-1966

நெற்குப்பை உமையாள் ஆச்சி அவர்களுக்கு, சிகப்பி வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மழைதான் இல்லை.

தங்கள் கார் ஓட்டும் கருத்தையா காலையில் வந்தான். பிள்ளை பால் புட்டியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறான் என்றான். "தாலாட்டுப் பாடிப் பாடிப் பொம்பளைக அம்புட்டுப் பேருக்கும் தொண்டை கட்டிருச்சு ஆச்சி. அழுகுறவருக்கு மட்டும் கட்டலை" என்று சிரித்தான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

என் மாமியார், "பெத்தவ மனசைப் பிடிச்சு வச்சிருந்தா அது எப்படிக் குடிக்கும்? நீ விடு, அது குடிக்கும்" என்கிறார்கள். சுவீகாரத்தில் மஞ்சள் நீர் குடிக்கவைத்துத் தங்கள் மடியில் இட்ட அன்றே விட்டுவிட்டேன் என்று நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் பொய். இரண்டாவது பிள்ளைதானே, பங்காளி வீட்டுக்கு வாரிசாகத்தானே போகிறான், சம்மதமா என்று என்னைக் கேட்டது உண்மை. மாட்டேன் என்று சொல்ல இடம் வைத்துக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

குழந்தை வளர்ப்புப் புத்தகம் ஒன்றை நூலகத்தில் எடுத்துப் பார்த்தேன். தாய் வேலைக்குப் போனால் எப்படிப் புட்டி பழக்குவது என்று அதில் எழுதியிருக்கிறது. தாயே மாறினால் என்ன செய்வது என்று எழுதவில்லை. அதனால் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

பசித்து வீறிட்ட பிறகு புட்டியை நீட்டாதீர்கள். விரலைச் சூப்பத் தொடங்கும்போதே கொடுங்கள். ரப்பரை வெந்நீரில் நனைத்து இளஞ்சூடாக உதட்டில் வையுங்கள். உள்ளே திணிக்க வேண்டாம், அவனே பற்றட்டும். சுற்றிலும் கூட்டம் வேண்டாம். மார்போடு அணைத்துக் கொடுக்காதீர்கள் ஆச்சி. தங்களுக்கு அப்படிக் கொடுக்கத்தான் ஆசை இருக்கும். ஆனால் அவன் அங்கே தேடுவான். கிடைக்காவிட்டால் கோபம் வரும். முதுகு தங்கள் மேல் சாய, முகம் முற்றத்தைப் பார்க்க உட்கார்த்திக் கொடுங்கள். புறா வந்தால் அழுகையை மறப்பான். அப்படியும் மறுத்தால் சங்கில் சிறிது சிறிதாகப் புகட்டுங்கள். பினாங்கிலிருந்து வந்த புட்டி என்பதற்காக அதில்தான் குடிக்க வேண்டுமா?

துணி நனைவது குறைந்தாலோ, துவண்டு கிடந்தாலோ உடனே டாக்டரிடம் காட்டுங்கள். எனக்கும் சொல்லியனுப்புங்கள். பெற்றவள் முகம் பார்த்தால் பிள்ளை ஒட்டாது என்று தங்கள் வீட்டுப் பெரியவர்கள் என்னை வரவேண்டாம் என்றது தெரியும். விளக்கை அணைத்துவிட்டு அவனை என் மடியில் கொடுங்கள். முகம் பார்க்காமல் பால் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறேன்.

இங்கே தினமும் செக்காலைப் பூக்கடையிலிருந்து மல்லிகை வருகிறது, தலைக்கு அல்ல. பால் வற்றுவதற்காக மார்பில் வைத்துக் கட்டிவிடுகிறார்கள். பூ வாடுகிறது. பால் வற்றவில்லை.

அன்று அவன் அரைஞாண் கயிறு வரைக்கும் அவிழ்த்துவிட்டு, தங்கள் வீட்டுப் புதுத் துணியும் கயிறும் அணிவித்துக் கொண்டுபோனீர்கள். பிறந்த வீட்டுத் துணி ஒரு நூல்கூடப் போகக் கூடாது என்பது முறை. முறை சரியாகத்தான் நடந்தது. அவனுக்குத் தெரிந்த வாசனை ஒன்றுகூட அவனோடு வரவில்லை. புட்டியை அவன் வெறுப்பதாக எனக்குத் தோன்றவில்லை. யார் வீட்டில் இருக்கிறோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

கருத்தையாவிடம் கொடுத்தனுப்பும் முறுக்குக் கூடையின் அடியில் என் பழைய சேலை ஒன்று இருக்கிறது. மல்லிகை வைக்கும் முன் உடுத்தியது, துவைக்கவில்லை. பெரியவர்கள் கண்ணில் படாமல் அதைத் தங்கள் தோளில் போட்டுக்கொண்டு புட்டியைக் கொடுங்கள். குடிப்பான். குடிக்கப் பழகியதும் அதை எடுத்துவிட்டுத் தங்கள் சேலையைப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கும் பழகிவிடுவான். பழக வேண்டும் என்றுதான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

தங்கள் பிள்ளை வயிறு நிறைந்து, நோய்நொடி இல்லாமல், தங்களை அம்மா என்று கூப்பிட்டு நீண்ட நாள் வாழட்டும்.

சேலையை மட்டும் திருப்பி அனுப்பிவிடுங்கள் ஆச்சி. துவைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் பிள்ளைக்குச் சின்னம்மா,
சிகப்பி